வாந்திபேதிக்கு யார் பொறுப்பாளி?

(திருப்பனந்தாளில் பேசிய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வாந்திபேதியும், வயிற்றுப்போக்கும், அவைகளைப் பற்றி வைத்திய ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கும் உண்மைகளுமாகும். இதைக் கேட்டதும் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். "மேடையேறிப் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லையா? மலத்தைப் பற்றியா பேசவேண்டும்?" என்று கேட்கவும் கேட்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றுதான். மலத்தைப் பற்றிப் பேச வெட்கப்படுகிற ஊரில்தான் ஜனங்கள் தெரியாமல் மலத்தைக் குடிக்கிறார்கள். வயிற்றுப்போக்கு என்பது பெரும்பாலும் ஒருவன் கழித்தது மற்றொருவன் வாய்க்குள் போவதால் வரும் வியாதியேயன்றி வேறல்ல. இதை மறைத்துப் பேசி யாருக்கு என்ன லாபம்?

உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர் வயிற்றுப்போக்கினால் சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குக் கொடுக்கிறது. இது புலியடித்தோ, வெள்ளம் வந்தோ நேர்ந்த சாவு அல்ல. மருந்து கண்டுபிடிக்கப்படாத வியாதியினால் நேர்ந்த சாவும் அல்ல. மருந்து இருக்கிறது. அதன் விலை மிகவும் சொற்பம். வழியும் தெரிந்திருக்கிறது. அப்படியிருந்தும் சாகிறார்கள் என்றால், அதற்கு விதியைப் பொறுப்பாக்குவதா, நம்மைப் பொறுப்பாக்குவதா என்பதே இன்றைய கேள்வி.

முதலில் பழைய கதையைப் பார்ப்போம். 1817-ல் வங்காளத்தில் ஜெஸ்ஸோர் பக்கத்தில் கிளம்பிய வாந்திபேதி, மறு வருஷமே சென்னை ராஜதானிக்குள் வந்துவிட்டது. பட்டாளம் போன வழியிலும், யாத்திரைக்காரர் போன வழியிலும் அதுவும் போயிற்று. பின்னர் ஆசியா, ஐரோப்பா என்று கடல் கடந்தும் போயிற்று. நம் நாட்டில் ஒருவனைத் திட்டுவதற்குக்கூட "பேதியில் போக" என்றும், "கழிச்சலில் போக" என்றும் சொல்லும் வழக்கு இருப்பதிலிருந்தே, நம் பாட்டன் பூட்டன்கள் இந்த வியாதிக்கு எவ்வளவு நடுங்கினார்கள் என்பது விளங்கும். காலையில் ஏர் பிடித்தவன் மாலையில் பாடையில் போனான் என்றால் நடுங்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அந்த நடுக்கத்திற்கு அவர்கள் கண்ட பரிகாரம் என்ன? அம்மனுக்குக் கோபம் என்றார்கள். கிடா வெட்டினார்கள். எல்லை கட்டினார்கள். உடுக்கை அடித்தார்கள். ஊரைக் கூட்டிக் கூழ் ஊற்றினார்கள். அந்தக் கூழுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பேதி கண்டவனின் துணியை அலசிய அதே குளத்திலிருந்து வந்தது. வியாதியைத் தீர்ப்பதற்காகக் கூடிய கூட்டமே வியாதியைப் பரப்புகிற கூட்டமாக முடிந்தது. அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த காலத்தில் பிறந்த நாமும் அதையே செய்தால், அதற்கு என்ன பெயர் வைப்பது?

ஒரு சின்ன யோசனை செய்து பாருங்கள். அம்மனுக்குக் கோபம் என்றால், அந்தக் கோபம் ஏன் கிணறு கிணறாகக் கணக்குப் பார்த்து வரவேண்டும்? ஒரு கிணற்றில் மொண்டவன் வீட்டில் நாலு பேர் விழுகிறார்கள். வேறு கிணற்றில் மொண்ட பக்கத்துத் தெருக்காரன் வீட்டில் ஒருவரும் விழுவதில்லை. முதல் வீட்டுக்காரனைவிட இரண்டாம் வீட்டுக்காரன் அதிக பக்திமானா? இந்தக் கேள்வியைத்தான் 1854-ல் லண்டன் பட்டணத்தில் ஜான் ஸ்னோ என்ற டாக்டர் கேட்டார். அக்காலத்து மேதாவிகள் எல்லாம் கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்னோ, செத்தவர்கள் வீட்டுக்குப் போய், யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று விசாரித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு குழாயைச் சுற்றியே சாவு குவிந்திருந்தது. அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

இதில் மற்றொரு சங்கதியும் உண்டு. அந்தப் பகுதியில் ஒயிட்ஹெட் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் ஸ்னோ சொல்லுவது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க, ஸ்னோ சொன்னதே சரி என்று கண்டுகொண்டார். அதோடு, குழாய்க்கருகில் ஒரு வீட்டில் பேதி கண்ட குழந்தையின் துணி அலசிய தண்ணீர், கசிகின்ற சாக்கடைக் குழி வழியாக அந்தக் கிணற்றில் கலந்ததையும் அவரே கண்டுபிடித்தார். தன் அபிப்பிராயத்தைவிட உண்மை பெரிது என்று ஒத்துக்கொண்ட அந்தப் பாதிரியாரை நாம் பாராட்டவே வேண்டும். நம் ஊர் குருமார்களும் இப்படி ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார்களேயானால் நமக்கு ஆட்சேபணை என்ன இருக்கப்போகிறது?

பிறகு 1884-ல் ஜெர்மானிய டாக்டரான ராபர்ட் கோக் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, காலரா கண்டவர்களின் குடலிலும், அவர்கள் துணி துவைத்துக் குளித்துக் குடித்த குளத்திலும் ஒரே கிருமியைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். அது கால்புள்ளி போல வளைந்த ஒரு சிறு உயிர். அதற்கு முன்பே 1854-ல் இத்தாலியில் பாச்சினி என்பவர் அதைக் கண்டிருந்தார். அப்போது அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. எப்படியோ, அம்மன் இருந்த இடத்தில் ஒரு கிருமி இருப்பது வெளியாயிற்று.

நிற்க, இவ்வூர் காசி மடத்தின் தலைமையிடம். காசிக்கும் நம் காவிரிக் கரைக்கும் போக்குவரத்து வைத்த ஊர். ஆகையால் கங்கைத் தண்ணீரைப் பற்றி இங்கே பேசாமல் போவது முறையாகாது. "கங்கைத் தண்ணீரில் கிருமி சாகிறது என்று வெள்ளைக்காரனே சொல்லிவிட்டானே" என்று நம்மிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவர் எழுதினது உண்மைதான். ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆராய்ச்சிக்காரர், கங்கைத் தண்ணீரிலும் யமுனைத் தண்ணீரிலும் காலராக் கிருமியை விட்டால் அது சீக்கிரம் செத்துப்போகிறது என்று 1896-ல் எழுதினார். ஆனால் தண்ணீரைக் காய்ச்சினால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் அவரே எழுதினார். புனிதம் காய்ச்சினால் போய்விடுமா? கிருமிகளைத் தின்று வளருகிற, கிருமியிலும் சிறிய ஒன்று உண்டு என்பதை 1917-ல் டெரெல் என்பவர் விளக்கி, அதற்குக் கிருமித்தின்னி என்று பொருள்படப் பெயர் வைத்தார். கங்கையில் கண்டது இப்படிப்பட்டதே என்பதுதான் இன்றைய ஆராய்ச்சிக்காரர் கொள்ளும் முடிவு.

தோழர்களே! இந்தக் கிருமித்தின்னி எங்கே ஏராளமாக இருக்கும் தெரியுமா? தின்பதற்குக் கிருமி எங்கே ஏராளமாக இருக்கிறதோ அங்கே இருக்கும். அதாவது சாக்கடையில் இருக்கும். ஆகவே அது ஒரு தண்ணீரில் இருப்பது அந்தத் தண்ணீரின் புனிதத்திற்கு அத்தாட்சியல்ல; அதில் எவ்வளவு மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஆராய்ச்சிக்காரன் சொன்னதில் முதல் பாதியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, மறு பாதியை ஆற்றில் விட்டுவிடுவது யோக்கியமாகாது.

இனிக் கிருமி எப்படிக் கொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். இதுதான் நம் பேச்சில் முக்கியமான பாகம்; தாய்மார்கள் கவனமாகக் கேட்கவேண்டிய பாகமும் இதுவே. கோக் கிருமியைக் காட்டின பிறகும் எழுபது வருஷத்திற்கு மேலாக, அது எப்படி ஒரு ஆளைச் சில மணி நேரத்தில் கொல்லுகிறது என்பது ருசுவாகவில்லை. அதை ருசுப்படுத்தியவர் ஒரு இந்தியர். சம்புநாத் டே என்பது அவர் பெயர். கல்கத்தாவில் வைத்தியக் கல்லூரியில் வேலை பார்த்தவர். முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு, ஊற்றினார். கிருமியில்லாத அந்தத் திரவமே குடல் துண்டைத் தண்ணீரால் ஊதச் செய்தது. ஆகவே கிருமி கக்குகிற ஒரு விஷமே குடலை ஏமாற்றி, உடம்பிலுள்ள உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டச் செய்கிறது என்பது 1959-ல் வெளியாயிற்று. அவர் உயிரோடிருந்த காலத்தில் நம் நாடு அவரைத் தக்கபடி கௌரவிக்கவில்லை. 1985-ல் இறந்துபோனார். நோபல் பரிசு பெற்ற லெடர்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி அவர் பெயரை அந்தப் பரிசுக்குச் சிபாரிசு செய்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊருக்கு நூறு சாமியார்களின் பெயர் தெரிந்த நமக்கு, கோடிக்கணக்கான உயிருக்கு வழிகாட்டிய இந்த ஒருவர் பெயர் தெரியாமல் போனது வெட்கக்கேடல்லவா?

அவர் கண்டதன் அர்த்தம் என்ன? காலரா குடலைக் கிழிப்பதில்லை, அரிப்பதுமில்லை. தண்ணீரைக் கொட்டச் செய்கிறது, அவ்வளவுதான். கடுமையாகக் கண்டவனுக்கு ஒரு மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் போகும். மனிதன் கிருமியினால் சாவதில்லை, வற்றிப்போய்ச் சாகிறான். மடை உடைந்த வயலைப்போல! நம் டெல்டாக்காரனுக்கு இதைவிட விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. மடை உடைந்து வயல் வற்றுகிறபோது, உடைப்பு அடைபடும் வரை மேலே தண்ணீரைப் பாய்ச்சிக் கொண்டிருப்போமா, அல்லது "பாய்ச்சினால் இன்னும் ஓடும்" என்று வாய்க்காலை அடைத்துப் பயிரைக் காய விடுவோமா?

ஆனால் குழந்தை விஷயத்தில் நாம் என்ன செய்கிறோம்? "தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும்" என்கிறோம். "வயிற்றைக் காயப்போடு" என்கிறோம். பாலை நிறுத்துகிறோம், சோற்றை நிறுத்துகிறோம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று தாய் தன் கையாலேயே, தாகத்தில் நாக்கை நீட்டுகிற குழந்தைக்குத் தண்ணீரை மறுக்கிறாள். குழந்தை அழுகிறது, கண்ணில் நீர் வருவதில்லை. பிறகு அழக்கூடச் சக்தியில்லாமல் கிடக்கிறது. "தூங்குகிறான், சத்தம் போடாதீர்கள்" என்கிறோம். தோழர்களே! உலகத்தில் எத்தனையோ மூடநம்பிக்கைகளை நாம் கண்டித்திருக்கிறோம். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதனால் ஒருவன் அரை மணி நேரம் வீணாக்குவான். ராகுகாலம் பார்ப்பதால் ஒரு வண்டியைத் தவறவிடுவான். ஆனால் பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தவேண்டும் என்பதைப்போல் நேராக உயிரை வாங்குகிற மூடநம்பிக்கை வேறொன்று இருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

சரி, வெறும் தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. போவது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் போகிறது. உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தால், அந்தக் குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. ஆனால் சர்க்கரை கூட இருந்தால் உப்பு உள்ளே போகிறது. உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போகிறது. சர்க்கரையும் உப்பும் ஜோடியாகச் சேர்ந்தே குடல் வாசலைத் திறக்கின்றன என்ற தத்துவத்தை 1960-ல் ராபர்ட் கிரேன் என்பவர் வெளியிட்டார். காலராவின் விஷம் இந்த ஒரு வாசலை மட்டும் அடைப்பதில்லை. அதற்கு முன்பே 1953-ல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற டாக்டர், காலரா கண்டவர்களுக்கு வாய் வழியாகவே உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் கொடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். 1968-ல் டாக்காவில் இது மேலும் பரீட்சிக்கப்பட்டது.

ஆனாலும் உலகம் நம்பவில்லை. ஊசி வழியாக ரத்தத்தில் ஏற்றுவதுதான் வைத்தியம். வாயில் கொடுப்பது பாட்டி வைத்தியம் என்று படித்தவர்களும் எண்ணினார்கள். நம்பவைத்தது 1971-ம் வருஷம். பங்களாதேஷ் யுத்தத்தில் அகதிகள் லட்சம் லட்சமாக எல்லை தாண்டி வந்தார்கள். பங்காவ் என்ற ஊரில் ஆஸ்பத்திரித் தரையெல்லாம் காலரா நோயாளிகள். ஏற்றுவதற்கு மருந்து நீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலநாபிஸ் என்ற டாக்டர் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, டிரம்மில் கரைத்து, நோயாளியின் தாயையும் அண்ணனையும் தம்பியையும் விட்டே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். முகாமில் நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு, இந்த முறையில் நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கிற்று. படிக்காத தாய் ஒருத்தி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு யமனை விரட்டினாள் என்றுதான் சொல்லவேண்டும். மகாலநாபிஸ் 2022-ல் காலமானார். அடுத்த வருஷம் அவருக்குப் பத்மவிபூஷண் பட்டம் அளிக்கப்பட்டது. பட்டம் வரும்போது வாங்க ஆள் இல்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி டாக்டர் ராமகிருஷ்ணாவும் அவரோடு சேர்ந்தவர்களும் காலரா கண்ட 48 பேரை வைத்து ஒரு பரீட்சை செய்து 2000-ல் வெளியிட்டார்கள். சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மாவுப் பொருளை உப்புச் சர்க்கரை நீரோடு கலந்து கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல கிருமிகளால் புளித்து, பெருங்குடலையும் தண்ணீர் உறிஞ்சத் தூண்டுகிறது. வெறும் உப்புச் சர்க்கரை நீர் குடித்தவர்களைவிட இவர்களுக்குப் போக்குக் குறைந்தது, சீக்கிரமாகவும் நின்றது. கிருமியெல்லாம் எதிரியல்ல, குடலுக்குள் நமக்கு வேலை செய்யும் கிருமியும் உண்டு என்பதும் இதனால் விளங்குகிறது.

ஆகவே வீட்டில் செய்யவேண்டியது என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், முழுவதையும் ஒரே தடவையில் கரைக்கவேண்டும். பாதிப் பொட்டலம், அரைத் தம்ளர் என்று கண்மதிப்பில் கரைக்கக்கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து. கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக்கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் கால் டம்ளர் முதல் அரை டம்ளர். அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் முதல் முழு டம்ளர். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சியும் சோறும் கொடுக்கலாம். அதோடு துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குட்பட்டதற்கு 10, பேதி நின்றாலும் பதினாலு நாள் வரையில் கொடுக்கவேண்டும். கண் குழிவிழுந்தால், தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாவிட்டால், மூத்திரம் நின்றால், மயக்கம் கண்டால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும். வழியெல்லாம் இந்த நீரைக் கொடுத்துக்கொண்டே தூக்கவேண்டும்.

இங்கே வியாபாரிகளின் சூழ்ச்சியையும் சொல்லவேண்டும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துக்களைப் பெரிதாக அச்சடித்து, உள்ளே வெறும் பழச்சுவைச் சர்க்கரைத் தண்ணீரை அடைத்து விற்றார்கள். அதிகச் சர்க்கரை பேதியை அதிகப்படுத்தும். ஹைதராபாத்தில் ஒரு குழந்தை வைத்தியர் பல வருஷம் தனியாகப் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை இப்படிப் பெயர் போடுவதைத் தடுத்து உத்தரவிட்டது. மந்திரித்த கயிற்றை நம்புவது மட்டுமல்ல மூடத்தனம். பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம்புவதும் மூடத்தனமே. அதேபோல், பேதி என்றவுடன் ஒரு ஊசி போடு, வீரியமுள்ள மாத்திரை கொடு என்று கேட்பதும் அறிவீனம். குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதி கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்யாத வைரஸ்களால் வருவது. அவைகளில் முக்கியமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து 2017 முதல் நம் மாகாணத்தில் சர்க்கார் செலவில் கொடுக்கப்படுகிறது. வேண்டாத இடத்தில் கிருமிக்கொல்லியைக் கொடுத்துக் கொடுத்து, வேண்டிய இடத்தில் அது வேலை செய்யாமல் போகும்படி நாமே கிருமிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நிற்க, இதெல்லாம் எங்கேயோ வங்காளத்துச் சங்கதி, பழைய காலத்துச் சங்கதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1992 அக்டோபரில் இதே சென்னைப் பட்டணத்தில், அதுவரை யாரும் பெருவாரியாகக் கண்டிராத புதுவகைக் காலராக் கிருமி ஒன்று கிளம்பிற்று. பழைய காலரா வந்து தேறினவர்களையும் அது விடவில்லை. அங்கிருந்து மதுரை, வேலூர், கல்கத்தா, பங்களாதேஷ் என்று பரவிற்று. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு ஓ-139 என்று நம்பர் வைத்தார்கள். கிருமியும் வேஷம் மாறும் என்பதற்கு இது சாட்சி.

அதைவிடக் கிட்டத்தில் பார்ப்போம். நம் காவிரியின் கடைமடையில் இருக்கிற காரைக்காலில் 2022 ஜூலை 3-ந் தேதி, காலரா பரவியதால் பொது சுகாதார அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. பக்கத்து ஜில்லாக்களான நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் எச்சரிக்கப்பட்டன. அங்கே பூஜை புனஸ்காரங்களுக்கா குறைவு? இல்லை. குறைந்தது எது என்றால், குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கவேண்டிய தூரம் குறைந்தது. பூமிக்கடியில் நல்ல குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, நல்ல குழாய் வெடித்திருந்து, தண்ணீர் வராத நேரத்தில் குழாய் காலியாக இருந்தால், வெளியே தேங்கியிருக்கும் கழிவை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இந்த நேரத்தில் மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு மருந்து போட்டும் என்ன பயன்?

நம் திருப்பனந்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கொள்ளிடம், மறுபக்கம் காவிரி, நடுவில் மண்ணியாறும் எத்தனையோ வாய்க்கால்களும். கோடையில் வறண்ட வாய்க்காலை நாம் என்னவாக உபயோகிக்கிறோம்? எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் வெட்கம். மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்ததும், அத்தனையையும் அலசிக்கொண்டு வருகிறது. அதை நாம் கும்பிட்டு வரவேற்கிறோம், வாய் கொப்பளிக்கிறோம். அடைமழை மாதத்தில் பூமியில் நீர்மட்டம் காலுக்கடியில் வந்துவிடுகிற நாடு இது. கைப்பம்புக்குப் பக்கத்தில் கக்கூஸ் குழியைத் தோண்டினால், இரண்டும் கீழே கைகோத்துக்கொள்ளும். குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடியாவது இடைவெளி வேண்டும் என்று சொல்லுவது வாஸ்து சாஸ்திரமல்ல, உயிர் சாஸ்திரம்.

சோற்றைப் பற்றியும் நெல் விளைகிற ஊரில் சொல்லித்தான் ஆகவேண்டும். அரிசியில் ஒட்டிவருகிற ஒரு கிருமி உண்டு. கொதித்தாலும் அதன் வித்து சாகாது. கல்யாண வீட்டில் மத்தியானம் வடித்த சோற்றைக் குவியலாகக் கொட்டி இரவு வரை வைத்திருந்தால், அந்த வெதுவெதுப்பில் வித்து முளைத்து விஷத்தைக் கக்குகிறது. அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. தின்ற சில மணி நேரத்தில் பந்தியே வாந்தியெடுக்கும். உடனே "கண் பட்டுவிட்டது" என்பார்கள். கண் பட்டதல்ல; குண்டானில் நேரம் பட்டது. பழைய சோறு கெடுதலா என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிவைத்த சோறு புளித்து, அந்தப் புளிப்பே பல கெட்ட கிருமிகளை அடக்குகிறது. ஆனால் ஊற்றுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். அள்ளுகிற கை சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருக்கவேண்டும். கையில் சீழ்க்கட்டி உள்ளவன் பாயசம் கிளறக்கூடாது. கறியும் முட்டையும் உள்ளே சிவப்பில்லாமல் வேகவேண்டும். 2022 மே மாதத்தில் கேரளத்தில் காசர்கோடு ஜில்லாவில் ஷவர்மா தின்ற பலர் விழுந்து, ஒரு பெண் இறந்துபோனதும், அதில் ஷிகெல்லா என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்ததே.

தோழர்களே! நம் நாட்டில் சுத்தத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. மடி என்றும், ஆசாரம் என்றும், தீட்டு என்றும் பேசிய பேச்சு கொஞ்சமா? ஆனால் அந்தச் சுத்தம் எதைப் பார்த்தது? கையைப் பார்க்கவில்லை, அந்தக் கை யாருடையது என்று பார்த்தது. தண்ணீரைப் பார்க்கவில்லை, அதை மொண்டவன் எந்த ஜாதி என்று பார்த்தது. ஈரத்துணி கட்டிக்கொண்டு, சாக்கடை கலந்த குளத்தில் முழுகி, அந்தத் தண்ணீரிலேயே சமைத்தால் அது சுத்தம். சோப்புப் போட்டுக் கைகழுவிய ஆதிதிராவிடத் தோழர் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்தால் அது தீட்டு! கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லையே! மலம் கழித்தவன் மேலானவன், அதை வாரினவன் கீழானவன் என்று ஏற்பாடு செய்து வைத்ததனால்தான், கழிவை என்ன செய்வது என்று மூளையுள்ளவர்கள் யோசிக்கவே இல்லை. கையால் மலம் அள்ளச் செய்வதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும் 2013-ல் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் நடந்ததை மறந்துவிட்டோமா? ஆதிதிராவிடர் குடியிருப்பில் குழந்தைகளுக்குப் பேதியும் காய்ச்சலும் கண்டன. குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் உள்ளே மனித மலம். செய்தது யார் என்பது கோர்ட்டு முடிவு செய்யவேண்டிய காரியம். நாம் சொல்ல வருவது, அன்று பேதிக்குக் காரணம் என்ன என்று கேட்கத் தெரிந்ததனால் அது வெளியாயிற்று என்பதே. சாமி குற்றம் என்று விபூதி போட்டிருந்தால், இன்னும் எத்தனை நாள் குடித்திருப்பார்களோ?

ஆகவே முடிவாகச் சொல்லுகிறோம். பேதி கண்டால் நம் முதல் கேள்வி, "எந்தச் சாமிக்கு என்ன குறை வைத்தோம்?" என்பதாக இருக்கக்கூடாது. "எந்தத் தண்ணீர் குடித்தோம்? எந்தக் கையால் தின்றோம்?" என்பதாக இருக்கவேண்டும். ஒரு தெருவில் ஒரே வாரத்தில் மூன்று பேர் விழுந்தால், ஜோசியரிடம் போகாமல் சுகாதார நிலையத்துக்குப் போய் எழுதிக்கொடுங்கள். உங்கள் தெருக் குழாயின் கடைசி முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பேரூராட்சியில் கேளுங்கள். சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று தேதி கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, வரி கொடுப்பவனுடைய உரிமை. கோயிலுக்குக் குடமுழுக்கு எப்போது என்று கணக்கு வைத்திருக்கிற ஊருக்கு, குடிதண்ணீர்த் தொட்டியின் முழுக்கு எப்போது என்று கணக்கு வைக்க முடியாதா?

வீட்டில் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். கக்கூசுக்குப் போய் வந்தாலும், குழந்தைக்குக் கால் கழுவினாலும், சமைக்கும் முன்னும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் விபூதித் தட்டு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கட்டும். குழந்தைக்குப் பேதி கண்டால் யார் வந்து தடுத்தாலும், மாமியார் தடுத்தாலும், மந்திரவாதி தடுத்தாலும், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வாந்திபேதிக்கு யார் பொறுப்பாளி என்று கேட்டோம். கழித்தவனும், கலக்கவிட்டவனும், கேட்காமலிருந்தவனும், தாகத்துக்குத் தண்ணீரை மறுத்தவனும் பொறுப்பாளிகள். அதாவது நாமே பொறுப்பாளிகள். இது துக்கப்படவேண்டிய சேதியல்ல. அம்மன் பொறுப்பு என்றால் அவள் மனது மாறும் வரையில் நாம் காத்துக்கிடக்கவேண்டும். பொறுப்பு நம்முடையது என்றால், இன்று இராத்திரியே வீட்டுக்குப் போய் ஆரம்பிக்கலாம்.